குடலில் தொலைந்தது, மூளையில் கிடைத்தது: டிசிசி புரதம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1997-இல் அமெரிக்காவின் வைட்ஹெட் ஆய்வு நிறுவனத்தில் ராபர்ட் வைன்பெர்க்கின் குழு, டிசிசி என்ற மரபணுவைப் பழுதாக்கிய சுண்டெலிகளை உருவாக்கியது. 'பெருங்குடல் புற்றில் காணாமல் போனது' என்பதற்கான ஆங்கிலத் தொடரின் சுருக்கம்தான் அந்தப் பெயர். எனவே எல்லோரும் முதலில் எலிகளின் குடலைத்தான் பார்த்தார்கள். அங்கே ஒன்றுமில்லை. குடலின் உட்சுவர் ஒழுங்காக வளர்ந்திருந்தது, செல்கள் முறைப்படி பிரிந்து முதிர்ந்திருந்தன. ஒரு பிரதி மட்டும் பழுதான எலிகளை வளர்த்துப் பார்த்தும் கட்டிகள் கூடவில்லை. இரண்டு பிரதிகளும் பழுதான குட்டிகள் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே செத்துவிட்டன. அவற்றின் மூளையில்தான் விஷயம் இருந்தது. இடது, வலது அரைக்கோளங்களை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தைக் காணவில்லை. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிகள் இரண்டையும் இணைக்கும் நார்க்கட்டையும் காணவில்லை. தண்டுவடத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்க வேண்டிய ஆக்சான்களில், அதாவது நரம்புச் செல்களின் நீண்ட நார்களில், மிகச் சிலதான் நடுக்கோட்டை எட்டியிருந்தன.

புற்றுநோய்க்காரர்கள் கண்டுபிடித்துப் பெயர் வைத்த புரதம், நரம்பியல்காரர்களின் மேசையில் வந்து விழுந்தது இப்படித்தான். அதன்பின் கேட்கப்பட்ட கேள்வி இது: நியூரானின் மேற்பரப்பில் இந்தப் புரதம் வேறு எந்தப் புரதங்களோடு கைகோர்க்கிறது, அதனால் என்ன மாறுகிறது? விடையில் ஒரு பகுதி உறுதியாக நிற்கிறது. பாடநூல் வரை போய்ச் சேர்ந்த இன்னொரு பகுதி 2023-இல் ஆட்டம் கண்டது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் இந்த வழக்கு புரியாது.

பெயர் வந்த விதம்

1980-களின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டைனின் குழு, பெருங்குடல் கட்டிகளில் எந்தக் குரோமோசோம் துண்டுகள் தொலைகின்றன என்று வரிசையாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. முற்றிய புற்றுகளில் 70 சதவீதத்துக்கும் மேல் 18-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு பகுதி போயிருந்தது. ஆரம்பநிலைக் கட்டிகளில் இந்த இழப்பு குறைவு. ஒரு துண்டு இத்தனை கட்டிகளில் தொலைகிறது என்றால், புற்றைத் தடுத்து நிறுத்தும் ஏதோ ஒன்று அதற்குள் இருக்க வேண்டும் என்பது அன்றைய தர்க்கம். 1990 ஜனவரியில் எரிக் ஃபியரோன், வோகல்ஸ்டைன் குழுவினர் சயன்ஸ் இதழில் அந்தப் பகுதியிலிருந்து ஒரு மரபணுவை அறிவித்தார்கள். அதுதான் டிசிசி.

அந்தக் கட்டுரையிலேயே ஒரு துப்பு இருந்தது. பி53, ஆர்பி போன்ற பேர்பெற்ற கட்டி ஒடுக்கிகள் செல்லின் கருவுக்குள் இருந்து வேலை செய்பவை. டிசிசி அப்படியில்லை, செல்லின் சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. வெளியே நீண்டிருக்கும் பகுதி, நரம்புச் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உதவும் ஒட்டுப்புரதங்களின் சாயலில் இருந்தது. இன்று அதன் அமைப்பு நன்றாகத் தெரியும். மொத்தம் 1,447 அமினோ அமிலங்கள். வெளியே நான்கு இம்யூனோகுளோபுலின் வகை மடிப்புகள், அவற்றை அடுத்து ஆறு ஃபைப்ரோனெக்டின் வகை மடிப்புகள், நடுவில் சவ்வைக் கடக்கும் ஒரு துண்டு, செல்லுக்குள்ளே 300-க்குச் சற்று அதிகமான அமினோ அமிலங்கள் கொண்ட வால். அந்த வாலில் புழு முதல் மனிதன் வரை அதிகம் மாறாமல் வந்திருக்கும் மூன்று சிறு பகுதிகளுக்கு பி1, பி2, பி3 என்று பெயர்.

கட்டி ஒடுக்கி என்ற பட்டத்துக்கு ஆதாரம் பலவீனமாகத்தான் இருந்தது. மரபணு பத்து லட்சம் எழுத்துகளுக்கும் மேல் நீளம். அன்றைய கருவிகளை வைத்து முழுவதையும் படித்துப் பிழை தேடுவது நடக்கிற காரியமில்லை. தேடிய இடங்களிலும் தெளிவான பிறழ்வுகள் அரிதாகவே கிடைத்தன. போதாக்குறைக்கு 1996-இல் அதே 18-ஆம் குரோமோசோம் பகுதியில், கணையப் புற்றை ஆராய்ந்தவர்கள் இன்னொரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இன்று ஸ்மாட்4 என்று அழைக்கப்படும் அதில் பிறழ்வுகள் வெளிப்படையாகவே இருந்தன. அந்தத் துண்டு தொலைவதற்கான பழி ஸ்மாட்4 பக்கம் சாய்ந்தது. அடுத்த வருடமே வைன்பெர்க்கின் எலிகள் வந்தன. டிசிசியை ஒடுக்கிகளின் பட்டியலிலிருந்து பலர் மனதுக்குள் அடித்துவிட்ட காலம் அது.

தவளை, எலி, புழு

இதற்கிடையில் தண்டுவடத்தைப் பற்றி ஒரு நூறாண்டுப் பழைய கேள்வி இருந்தது. கருவில் தண்டுவடத்தின் முதுகுப்பக்கம் பிறக்கும் சில நியூரான்கள் தங்கள் ஆக்சானை வயிற்றுப்பக்கமாக இறக்கி, நடுக்கோட்டில் இருக்கும் அடித்தகடு என்ற பகுதியைத் தாண்டி, மறுபக்கம் அனுப்புகின்றன. வழி எப்படித் தெரிகிறது? ஏதோ ஒரு வேதிப்பொருள் இழுக்கிறது என்று ஸ்பானிய நரம்பியலாளர் ரமோன் இ கஹால் 1890-களிலேயே ஊகித்திருந்தார். அந்தப் பொருளை 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் மார்க் டெஸியர்-லவீன் குழு கோழிக்கருவின் மூளைகளிலிருந்து பிரித்தெடுத்தது. அதுதான் நெட்ரின். அமினோ அமில வரிசையைப் பார்த்தால், புழு ஆராய்ச்சியாளர்களிடம் ஏற்கனவே இருந்த அன்க்-6 என்ற புரதத்தின் உறவு அது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பாத்திரம் அந்தப் புழுதான். ஒரு மில்லிமீட்டர் நீளம் கொண்ட சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ். 1990-இல் ஹெட்ஜ்காக், குலோட்டி, ஹால் மூவரும் அதன் உடலைச் சுற்றி மேலும் கீழும் நகரும் செல்களையும் ஆக்சான்களையும் ஆராய்ந்து, மூன்று மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். அன்க்-6 கெட்டால் மேலே போவதும் தடுமாறுகிறது, கீழே போவதும் தடுமாறுகிறது. அன்க்-5 கெட்டால் மேலே போவது மட்டும். அன்க்-40 கெட்டால் பெரும்பாலும் கீழே போவது, ஆனால் மேலே போவதிலும் கொஞ்சம் பழுது. இந்தக் 'கொஞ்சம்' முக்கியமானது என்று அன்றைக்கு யாருக்கும் பெரிதாகத் தோன்றியிருக்காது. 1996-இல் அன்க்-40 எந்தப் புரதத்தை உண்டாக்குகிறது என்று படித்தபோது, அது புழுவின் டிசிசி என்று தெரிந்தது.

அதே 1996-இல் டெஸியர்-லவீன் ஆய்வகம், டிசிசி நெட்ரினைப் பற்றிக்கொள்கிறது என்றும், டிசிசியை மறைக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) சேர்த்தால் தண்டுவட ஆக்சான்கள் நெட்ரினுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிடுகின்றன என்றும் காட்டியது. பழ ஈயில் டிசிசியின் உறவான ஃபிராஸில்ட் அதே வேலையைச் செய்வதை வேறொரு குழு அதே ஆண்டில் காட்டியது. ஈ, புழு, எலி மூன்றும் ஒரே விஷயத்தைச் சொன்னபின் சந்தேகத்துக்கு இடமில்லை. டிசிசி நெட்ரினின் ஏற்பி, அதாவது நெட்ரினைப் பிடித்துச் செய்தியைச் செல்லுக்குள் அனுப்பும் புரதம். ஆக்சானின் நுனியில் இருக்கும் வளர்முனை அதைக் கொண்டுதான் நெட்ரின் எந்தப் பக்கம் அதிகம் என்று உணர்ந்து திரும்புகிறது.

திரும்புவதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆப்பிரிக்க நகத் தவளையின் கருவிலிருந்து தண்டுவட நியூரான்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் விடுவார்கள். ஆக்சான் நீளத் தொடங்கியதும், அதன் நுனியிலிருந்து 100 மைக்ரோமீட்டர் தள்ளி, அது போகும் திசைக்கு 45 டிகிரி கோணத்தில், ஒரு நுண் குழாயை வைப்பார்கள். குழாயின் முனையிலிருந்து நெட்ரின் சிறு சிறு துடிப்பாகக் கசியும். ஒரு மணி நேரம் காத்திருந்தால் வளர்முனை குழாயை நோக்கிச் சாய்ந்திருக்கும். 1997-இல் இதே முறையில் மு-மிங் பூவின் குழு ஒரு வினோதத்தைக் கண்டது. செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுமூலக்கூறின் வேலையைத் தடுத்துவிட்டால், அதே நெட்ரின், அதே குழாய், அதே தூரம், ஆனால் வளர்முனை எதிர்ப்பக்கம் ஓடுகிறது. இரண்டு வருடம் கழித்து கிறிஸ்டீன் ஹோல்ட்டின் குழு, தவளையின் விழித்திரை ஆக்சான்களை லேமினின் என்ற புரதம் பூசிய தரையில் வளரவிட்டாலும் இதே தலைகீழ் மாற்றம் நடப்பதைக் காட்டியது. தரையில் என்ன இருக்கிறது என்பதை வளர்முனைக்குச் சொல்பவை இன்னும் சில மேற்பரப்புப் புரதங்கள். அதாவது, டிசிசியிடமிருந்து வரும் செய்தி 'வா' என்று இருக்குமா 'போ' என்று இருக்குமா என்பது டிசிசியைத் தனியாக வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை.

கூட்டாளிகள்

அப்படியென்றால் கூட நிற்பவர் யார்? முதல் சந்தேகம் அன்க்-5 மேல். ஆக்சானை நெட்ரினிலிருந்து விலக்கும் ஏற்பி அது. 1993-இலேயே குலோட்டியின் ஆய்வகம் ஓர் எளிய, அழகான சோதனையைச் செய்திருந்தது. புழுவின் தொடு உணர்வு நியூரான்கள் சாதாரணமாக அன்க்-5-ஐத் தயாரிப்பதில்லை. அவற்றின் ஆக்சான்கள் மேல்பக்கம் போவதில்லை. அவற்றுக்குள் வலிந்து அன்க்-5-ஐத் தயாரிக்க வைத்தால், ஆக்சான்கள் மேல்பக்கம், அதாவது நெட்ரினிலிருந்து விலகும் பக்கம், திரும்பின. 1998-இல் அடுத்த கட்டம்: இந்தத் திருப்பத்தை எந்தெந்த மரபணுக்களைக் கெடுத்தால் நிறுத்தலாம் என்று தேடினார்கள். கிடைத்தவற்றில் அன்க்-40-உம் ஒன்று. விலக்கும் ஏற்பி ஒழுங்காக வேலை செய்ய, இழுக்கும் ஏற்பி என்று பெயர் வாங்கிய டிசிசியின் உதவி வேண்டியிருக்கிறது! 1990-இல் பார்த்த அந்தக் 'கொஞ்சம்' பழுது இங்கே தன் அர்த்தத்தைக் காட்டியது. 2001-இல் பழ ஈயில் கெலெமனும் டிக்ஸனும் இதையே இன்னும் துல்லியமாகச் சொன்னார்கள்: நெட்ரின் சுரக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே விலக்குவதற்கு அன்க்-5 தனியாகப் போதும், தூரத்திலிருந்தே விலக்க வேண்டுமென்றால் ஃபிராஸில்டும் வேண்டும்.

இவை மரபணுவைக் கெடுத்து, முழு விலங்கில் விளைவைப் பார்த்த சான்றுகள். இரண்டு புரதங்கள் ஒரே வேலையில் பங்கு கொள்கின்றன என்று சொல்ல இவை போதும். ஆனால் அவை ஒன்றையொன்று தொடுகின்றனவா, எந்த இடத்தில் தொடுகின்றன என்று இவற்றால் சொல்ல முடியாது. அதற்கு உயிர்வேதியியல் வேண்டும். அங்கேதான் வழக்கு சிக்கலாகிறது.

1999-இல் செல் இதழில் டெஸியர்-லவீன், பூ ஆய்வகங்கள் சேர்ந்து ஒரு விளக்கம் தந்தன. நெட்ரின் வந்து சேர்ந்ததும் டிசிசியின் உள்வாலில் இருக்கும் பி1 பகுதி, அன்க்-5-இன் உள்வாலில் ஒரு பகுதியோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டுதல்தான் இழுப்பை விலக்கலாக மாற்றுகிறது. 2001-இல் சயன்ஸ் இதழில் அதே ஆய்வகத்திலிருந்து இன்னொன்று: ஆக்சான் நடுக்கோட்டைக் கடந்தபின் ஸ்லிட் என்ற பொருளை உணரும் ரோபோ ஏற்பி, டிசிசியின் பி3 பகுதியோடு ஒட்டிக்கொண்டு நெட்ரினின் இழுப்பை வாயடைக்கிறது. அதனால்தான் கடந்த ஆக்சான் திரும்பி வருவதில்லை. இரண்டு விளக்கமும் வரைபடத்தில் அவ்வளவு கச்சிதம். இரண்டு வால்கள், இரண்டு கொக்கிகள், ஒரு திசைமாற்றம். நரம்பு வளர்ச்சி பற்றிய வகுப்புகளில் இதைவிட எளிதாகக் கரும்பலகையில் போடக்கூடிய படம் வேறில்லை என்றே சொல்லலாம்.

இப்படிப்பட்ட ஒட்டுதலைக் காட்டும் சோதனைக்கு ஆய்வகத்தில் கோ-ஐபி என்பார்கள். செல்களைக் கரைசலாக்கி, டிசிசியை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள் பூசிய நுண்மணிகளைப் போட்டு, மணிகளை அடியில் தேங்கவைத்து, கழுவி எடுப்பார்கள். கொடியைப் பிடித்து இழுத்தால் காயும் கூடவே வருகிற மாதிரி, டிசிசியை இழுக்கும்போது அதனோடு ஒட்டியிருப்பதும் வரும். வந்ததை ஜெல்லில் ஓட்டி, சவ்வுத்தாளுக்கு மாற்றி, அன்க்-5-க்கான எதிர்ப்பொருளால் சோதித்தால் ஒரு கறுப்புப் பட்டை தெரிய வேண்டும். நெட்ரின் சேர்த்த வரிசையில் பட்டை, சேர்க்காத வரிசையில் வெறுமை. கட்டுரையின் மொத்தக் கனமும் அந்தப் பட்டை இருக்கிறதா இல்லையா என்பதில் வந்து தொங்கும். எந்தச் செல்லில் செய்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. வளர்ப்புத் தட்டில் எளிதாகப் பெருகும் செல்வகைகளுக்குள் இரண்டு புரதங்களையும் அளவுக்கு மேல் திணித்துவிட்டுச் செய்தால், இயற்கையில் தொட்டுக்கொள்ளாதவையும் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. நியூரானில் இயல்பான அளவில் இருக்கும்போது செய்து காட்டுவது கடினம், ஆனால் மதிப்பு அதற்குத்தான்.

2023

இந்தக் கட்டுரைகளின் பட்டைப் படங்களைப் பற்றி 2015 வாக்கிலேயே இணையத்தில் கேள்விகள் எழுந்திருந்தன. டெஸியர்-லவீன் அப்போது இதழ்களுக்கு எழுதினார். சயன்ஸுக்கு அவர் அனுப்பிய திருத்தங்கள் இதழின் தவறால் வெளியாகவே இல்லை. 2016-இல் அவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 2022 நவம்பரில் அங்குள்ள மாணவர் நாளிதழ் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. பல்கலைக்கழக அறங்காவலர்கள் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். 2023 ஜூலையில் வந்த அறிக்கை, அவர் தாமே தரவுகளைத் திருத்தவில்லை என்றது. அதே சமயம், அவர் ஆய்வகத்திலிருந்து வந்த சில கட்டுரைகளில் மற்றவர்களால் தரவுகள் மாற்றப்பட்டிருந்தன என்றும், தவறுகள் தெரிந்தபின் அவற்றைத் திருத்த அவர் போதிய உறுதி காட்டவில்லை என்றும் சொன்னது. அவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 1999-இன் செல் கட்டுரையையும், 2001-இன் இரண்டு சயன்ஸ் கட்டுரைகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்த ஆகஸ்டு கடைசியில் சயன்ஸ் தன்னுடைய இரண்டையும் திரும்பப் பெற்றது.

இந்த மூன்றும் எவை என்று கவனியுங்கள். டிசிசி-அன்க்-5 உள்வால் கொக்கி. டிசிசி-ரோபோ உள்வால் கொக்கி. மூன்றாவது, நெட்ரினுக்கு டிசிசியே ஏற்பியா அல்லது வேறொரு ஏற்பியும் தேவையா என்ற அன்றைய சர்ச்சைக்கான பதில். மேற்பரப்புப் புரதங்களோடு டிசிசி வைத்திருக்கும் உறவைப் பற்றிய நேரடி உயிர்வேதியியலின் மையமே அவை. செய்தித்தாள்கள் இதைப் பதவி விலகல் கதையாகத்தான் எழுதின. அறிவியலில் எது விழுந்தது, எது நிற்கிறது என்று யாரும் நின்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்பது என் கணிப்பு.

நெட்ரினை டிசிசி பிடிப்பது உறுதி. 2014-இல் இரண்டு தனித்தனிக் குழுக்கள் அவற்றின் படிக அமைப்பையே வெளியிட்டன. அதில் ஒன்று, இந்த வழக்குக்கு நேராகப் பயன்படும் ஒரு விஷயத்தையும் சொன்னது. நெட்ரின் மூலக்கூறில் ஏற்பி பிடிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்றில் டிசிசி மட்டுமே பொருந்தும். மற்றதில் டிசிசியும் பொருந்தலாம், அன்க்-5-உம் பொருந்தலாம். அங்கே ஹெபரான் சல்ஃபேட் போன்ற எதிர்மின் சர்க்கரைச் சங்கிலிகளுக்கும் பங்குண்டு. இரண்டு இடத்திலும் டிசிசி உட்கார்ந்தால் இழுப்பு. ஓரிடத்தில் டிசிசியும் இன்னோரிடத்தில் அன்க்-5-உம் உட்கார்ந்தால் விலக்கல். ஆக, டிசிசியையும் அன்க்-5-ஐயும் பக்கத்தில் கொண்டுவருவதற்கு உள்வால் கொக்கி கட்டாயமில்லை. வெளியிலேயே நெட்ரின் பாலமாக நின்று இருவரையும் கட்டிவைக்க முடியும். புழுவிலும் ஈயிலும் வந்த மரபணுச் சான்றுகள் இதோடு ஒத்துப்போகின்றன. உள்ளே வால்களுக்கிடையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் மறுபடி முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ரோபோ விஷயம் இதைவிடச் சுவாரசியம். 2007-இலேயே கார்பேயும் பாஷாவும் ஈயில் ஸ்லிட்-ரோபோ விலக்கலும் நெட்ரின்-ஃபிராஸில்ட் இழுப்பும் தனித்தனியாக வேலை செய்கின்றன என்று காட்டியிருந்தார்கள். ரோபோ வந்து ஃபிராஸில்டின் வாயை அடைக்கிறது என்ற விளக்கம் ஈக்குப் பொருந்தவில்லை. அந்தக் கட்டுரைக்கு அப்போதே இன்னும் அதிகக் கவனம் கிடைத்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், 2014-இல் பாரிஸில் அலன் ஷெடோட்டலின் குழு ரோபோ குடும்பத்தின் மூன்றாவது உறுப்பினரைப் பற்றி எதிர்பாராத ஒன்றைக் கண்டுபிடித்தது. பாலூட்டிகளில் ரோபோ3, பரிணாமப் போக்கில் ஸ்லிட்டைப் பிடிக்கும் திறனையே இழந்துவிட்டது. அது இப்போது டிசிசியோடு சேர்ந்து நிற்கிறது. நெட்ரின் வந்து டிசிசியைத் தொட்டதும் ரோபோ3-இல் பாஸ்பேட் ஏறுகிறது. இழுப்பு இன்னும் வலுக்கிறது. நெட்ரினை ரோபோ3 தானாகப் பிடிப்பதில்லை, டிசிசி வழியாகத்தான் செய்தி வருகிறது. 2001-இன் கதையில் ரோபோ டிசிசியின் எதிரி. இங்கே டிசிசியின் கூட்டாளி.

மனிதர்கள் தரும் சாட்சி

கோ-ஐபி பட்டைகளை நம்பலாமா வேண்டாமா என்று வாதிட்டுக்கொண்டே இருக்கலாம். நோயாளிகளின் உடல் தரும் சாட்சி வேறு வகை. 2004-இல் ரோபோ3-இன் இரண்டு பிரதிகளும் பழுதானவர்களுக்கு வரும் ஓர் அரிய கோளாறு விளக்கப்பட்டது. கண்களைப் பக்கவாட்டில் திருப்ப முடியாது. முதுகெலும்பு வளர வளர வளைந்துகொண்டே போகும். மூளைத்தண்டில் மறுபக்கம் கடக்க வேண்டிய நார்கள் கடக்காமல் அதே பக்கத்திலேயே இறங்குகின்றன. 2017-இல், டிசிசியின் இரண்டு பிரதிகளும் பழுதான குழந்தைகளைப் பற்றிய அறிக்கை வந்தது. அவர்களுக்கும் பக்கவாட்டுப் பார்வை இல்லை, முதுகெலும்பு வளைவு, கூடவே அறிவு வளர்ச்சிக் குறைவு. இரண்டு அரைக்கோளங்களுக்கும் இடையே பாலமில்லாத மூளை. டிசிசி கெட்டதில் பாதிப்பு இன்னும் பரவலானது. ஆனால் ரோபோ3 கெட்டால் வருவது அப்படியே அதற்குள் அடங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே பாதையில் கூட்டாக வேலை செய்கின்றன என்பதற்கு ஜெல்லில் ஓட்டிய எந்தப் பட்டையையும்விட இதை நான் அதிகம் நம்புவேன்.

ஒரே ஒரு பிரதி பழுதானவர்களுக்கு வருவது இன்னும் நுட்பமானது. 2010-இல் ஒரு பிரெஞ்சு-கனடியக் குடும்பத்திலும் ஓர் ஈரானியக் குடும்பத்திலும் டிசிசி பிறழ்வு கண்டறியப்பட்டது. அவர்களிடம் இருந்தது பிறவிக் கண்ணாடி அசைவு. வலது கை விரல்களை மடக்க நினைத்தால் இடது கையும் தானாக அதையே செய்யும். சட்டைப் பொத்தான் போடுவது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் திருகுவது, தட்டச்சு செய்வது என்று இரு கைகளும் வெவ்வேறு வேலை செய்ய வேண்டிய எதுவும் சிரமம். மூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நார்கள் ஒழுங்காகப் பக்கம் மாறாததோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள்.

எலியிலும் இதற்கு ஓர் இணை உண்டு. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் தானாகவே தோன்றிய ஒரு பிறழ்வு எலிக்கு 'கங்கா' என்று பெயர் வைத்தார்கள். நடக்கும்போது பின்னங்கால்களை மாறி மாறி வைக்காமல் இரண்டையும் சேர்த்துத் தூக்கிக் கங்காரு போலத் துள்ளுகிறது. இவை பிறந்ததும் சாவதில்லை, வளர்கின்றன. 2002-இல் காரணம் தெரிந்தது: டிசிசி மரபணுவின் கடைசித் துண்டு மட்டும் போயிருக்கிறது. அது குறிப்பது உள்வாலின் பி3 பகுதியை. வெளிப்பகுதி முழுக்க இருந்தும், நெட்ரினைப் பிடிக்கத் தடையேதும் இல்லாமலிருந்தும், உள்ளே அந்தச் சிறு துணுக்கு இல்லாததால் நடையே மாறிவிட்டது. பி3 முக்கியமில்லை என்று 2023-க்குப் பின் யாராவது அவசரப்பட்டால், இந்த எலியைப் பார்க்கச் சொல்லலாம். ரோபோ அதைப் பிடித்து வாயடைக்கிறது என்ற கூற்றுதான் போனது. டிசிசிகள் தங்களுக்குள் ஜோடி சேரவும், எஃப்ஏகே போன்ற உள் நொதிகள் வந்து ஒட்டவும் பி3 வேண்டும் என்பதற்கு வேறு ஆய்வகங்களின் சான்றுகள் இருக்கின்றன.

புற்றுப் பக்கம் என்ன ஆயிற்று?

இது குறுகிய பகுதி, ஆனால் விட்டுவிட முடியாது. 1998-இல் பாட்ரிக் மெலன், டேல் பிரெடெசன் குழுவினர் டிசிசிக்கு இன்னொரு முகம் இருப்பதைக் கண்டார்கள். நெட்ரின் கிடைக்காமல் சும்மா நிற்கும் டிசிசியின் உள்வாலை, 1290-ஆம் இடத்தில் காஸ்பேஸ் நொதிகள் வெட்டுகின்றன. வெட்டுப்பட்டது செல்லைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது. நெட்ரின் இருக்கும் இடத்தில் செல் வாழும். நெட்ரின் எட்டாத இடத்துக்குப் போன செல் சாகும். கட்டி ஒடுக்கி என்ற பட்டத்துக்கு முதல்முறையாக ஒரு நம்பத்தக்க இயங்குமுறை கிடைத்தது. 2004-இல் எலியின் குடலில் நெட்ரினை மிகுதியாகச் சுரக்க வைத்தபோது செல் சாவு குறைந்து கட்டிகள் தோன்றின. 2012-இல் ஒரே சமயம் நேச்சரில் இரண்டு கட்டுரைகள். ஒன்றில், வெட்டும் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, டிசிசி கொல்ல முடியாதபடி செய்த எலிகளுக்குக் குடலில் கட்டி வந்தது. மற்றதில், பி53 இல்லாத மார்பகக் கட்டிகளில் டிசிசியும் போனால் புற்று வேறு உறுப்புகளுக்குப் பரவுவது கூடியது.

1997-இன் எலிகளிடம் ஏன் இது தெரியவில்லை என்பதற்கும் ஓரளவு பதில் கிடைத்தது. இரண்டு பிரதியும் இழந்தவை வளர்ந்து கட்டி வரும் வயதுவரை வாழவேயில்லை. ஒரு பிரதி மிச்சமிருந்தவற்றில் அந்த ஒன்றே போதுமானதாக இருந்திருக்கலாம். 22 வருடம் கழித்து, முதல் ஊகத்துக்குப் பாதி வெற்றி. அதுவும் 1990-இல் நினைத்த காரணத்தால் அல்ல: செல்களை ஒட்டவைக்கும் பசை என்று நினைத்தார்கள், அது பட்டினி கிடந்தால் செல்லைக் கொல்லும் ஏற்பியாக இருந்தது.

நியூரானில் இந்த இரண்டு முகங்களும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பது இன்னும் முடிவாகாத விஷயம். வளர்முனையில் அன்க்-5-உம் ரோபோ3-உம் பக்கத்தில் நிற்கும்போது டிசிசியின் வால் வெட்டுப்படும் வாய்ப்பு கூடுகிறதா, குறைகிறதா? அன்க்-5-க்கும் இதே போல் நெட்ரின் இல்லாவிட்டால் கொல்லும் குணம் உண்டு என்பதால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நெட்ரின் எங்கிருந்து வருகிறது என்பதே 2017-இல் மறுபடி திறந்த கதை. எலியின் பின்மூளையிலும் தண்டுவடத்திலும் அடித்தகட்டில் மட்டும் நெட்ரினை நீக்கிப் பார்த்தார்கள். ஆக்சான்கள் பெரிதாகத் தடுமாறவில்லை. உட்குழியை ஒட்டிய முன்னோடிச் செல்கள் விட்டுச்செல்லும் நெட்ரின்தான் அதிகம் வழிகாட்டுகிறது என்று இரண்டு குழுக்கள் வாதிட்டன. பிறகு 2019-இல் இரண்டு இடமும் பங்களிக்கிறது என்ற திருத்தம் வந்தது. தூரத்திலிருந்து மிதந்து வரும் நெட்ரினா, கால் வைக்கும் தரையில் பூசிய நெட்ரினா என்பதைப் பொறுத்து டிசிசி எந்தக் கூட்டாளியைச் சேர்த்துக்கொள்கிறது என்பது மாறக்கூடும். ஈயில் கெலெமனும் டிக்ஸனும் பார்த்த கிட்ட-தூர வித்தியாசமும் அதையே சுட்டுகிறது.

இன்று ஒருவர் இந்த வழக்கைக் கையில் எடுத்தால் முதலில் செய்ய வேண்டிய சோதனை எதுவென்று சொல்வது கடினமில்லை. டிசிசியின் பி1-ஐ மட்டும் மரபணுவிலேயே நீக்கிய எலி ஒன்று, அன்க்-5-இன் உள்வாலில் அதற்கு ஈடான துண்டை நீக்கிய எலி இன்னொன்று. அளவுக்கு மேல் திணிக்காமல், இயல்பான அளவிலேயே இரண்டும் இருக்கும் நியூரான்கள். நுண் குழாயிலிருந்து நெட்ரின். விலக்கல் அப்படியே நடந்தால் உள்வால் கொக்கி தேவையில்லை, 2014-இன் வெளிப்பாலமே போதும். விலக்கல் நின்றுவிட்டால், திரும்பப் பெற்ற கட்டுரை சொன்ன முடிவு வேறு கைகளால், ஒழுங்கான படங்களோடு திரும்பி வந்துவிடும். இரண்டில் எது வந்தாலும், அதுவரை வகுப்பில் அந்தக் கொக்கிப் படத்தைப் போடுபவர்கள் ஓரத்தில் ஒரு கேள்விக்குறியையும் சேர்த்துப் போடலாம்.